ஆணி அடிக்காதீர்கள்!

பழைய கட்டடத்தில் நவீன ஓவியம் மாட்டுவது, பாட்டி வீட்டில் புது மருமகள் குடித்தனம் வைப்பது மாதிரி. இரண்டு பேருமே நல்லவர்கள்தான். யார் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது என்பதில்தான் சிக்கல்.

மும்பையில், 1911-ல் கட்டிய கவாஸ்ஜி ஜஹாங்கீர் ஹாலை 1996-ல் தேசிய நவீன கலைக்கூடமாக மாற்றியபோது வெளிச்சுவரை விட்டுவிட்டு, உள்ளே அரைவட்ட அடுக்குகளைப் புகுத்தினார்கள். ஓவியங்களுக்கு இடம் கிடைத்தது. பழைய ஹால் காணாமல் போச்சு. பெங்களூர் மாணிக்கவேலு மாளிகையில் (2009) வீட்டை வீடாகவே விட்டு, புதுப் பகுதி ஒன்றைக் கட்டிச் சேர்த்தார்கள். கொச்சியில் 2012-ல் முதல் பினாலே நடந்தபோது, ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கிடங்குகளை, காரை உதிர்ந்த சுவர்களோடேயே பயன்படுத்தினார்கள். பிரம்மாண்டமான படைப்புகளுக்கு அது சரி. சின்ன வாட்டர்கலர் ஒன்றை அந்தச் சுவரில் மாட்டிப் பாருங்கள், சுவர்தான் ஜெயிக்கும்!

நம்ம ஊருக்கு வருவோம். திருவிடந்தையில் நித்யகல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஈசிஆரில் வடக்கே வந்தால், கோவளம் தாண்டி முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அசாத்திய உழைப்பு. இன்றைய ஓவியங்களுக்கு 'வரிஜா' என்று தனி கேலரி. பத்திரமான ஏற்பாடுதான். ஆனால் கொஞ்சம் பயந்த ஏற்பாடு என்பேன். வீடு ஒரு பக்கம், ஓவியம் ஒரு பக்கம். இரண்டும் பேசிக்கொள்வதில்லை.

பேச வைக்கலாம். முற்றத்தில் ஒரே ஒரு சிற்பம் போதும், வெயிலே லைட்டிங் பார்த்துக்கொள்ளும். படங்களைச் சுவரைத் தொடாத தடுப்புகளில் மாட்டலாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுவது. வெள்ளைவெளேர் என்று இருக்கட்டுமே என்று பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால், கடலோர ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிர்ந்துவிடும். ஒரே விதிதான்: நாளைக்கு எல்லாவற்றையும் கழற்றினால் கட்டடத்தில் தழும்பு இருக்கக்கூடாது.

இதெல்லாம் அலங்கார விஷயம் இல்லை. எழும்பூர் மியூசியத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த விக்டோரியா மண்டபம், ரவிவர்மா ஓவியங்கள் இருந்த இடம், பலவீனமாகிவிட்டது என்று 2002-ல் மூடப்பட்டது. அப்புறம் ஒரு தலைமுறையே உள்ளே கால் வைக்காமல் வளர்ந்துவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துத்தான் இழக்க வேண்டும் என்பதில்லை. பூட்டி வைத்தாலும் போதும்.