வள்ளியின் நிறமும் நந்தனின் குரலும்: சுவாமிகள் மேடையில் வேடத் தேர்வு

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்ட போதிலும், அவர் எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ ஆகியவை தென் மாவட்டத் திருவிழா மேடைகளில் இன்றும் விடிய விடிய ஆடப்படுகின்றன. பழைய நாடகம் ஒன்று மீண்டும் மேடையேறும்போது, எந்த உடல், எந்த நிறம், எந்தக் குரல் எந்தப் பாத்திரத்தை ஏற்கிறது என்பது அந்த இரவின் வெற்றியோடு நாடகத்தின் பொருளையும் தீர்மானிக்கிறது. ஆயினும் நம்முடைய நாடக விமர்சனங்கள் பாட்டையும் வசனத்தையும் அலசும் அளவுக்கு வேடத் தேர்வை அலசுவதில்லை.

மேலைநாட்டு மேடையில் இவ்விவாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆப்பிரிக்க மூர் இனத் தளபதியான ஒதெல்லோவின் பாத்திரத்தை வெள்ளை நடிகர்கள் கரிபூசி ஏற்றுவந்த இலண்டனில், கறுப்பின நடிகரான ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் அப்பாத்திரத்தை ஏற்றபோது பத்திரிகைகள் சீறின. 1930-இல் பால் ராப்சன் அதே நகரில் ஒதெல்லோவாக நின்று பெயர் பெற்ற பிறகும், 1964-இல் லாரன்ஸ் ஒலிவியே கரிபூசிக்கொண்டே அப்பாத்திரத்தை நடித்தார். நடிகரின் இனத்தைக் கணக்கில் கொள்ளாமல் திறமை ஒன்றையே பார்க்கும் முறை ‘நிறம் பாராத் தேர்வு’ எனப்படும். நடிகரின் இனமும் நிறமும் கதைக்குள் என்ன பொருள் சேர்க்கும் என்பதை அறிந்தே தேர்ந்தெடுப்பது ‘நிறம் அறிந்த தேர்வு’ எனப்படும். அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996-இல் ஆற்றிய உரையில் முதல் முறையைக் கடுமையாக எதிர்த்தார்; கறுப்பின நடிகரை வெள்ளையர் கதைக்குள் பொருத்துவதைக் காட்டிலும், கறுப்பினத்தாரின் கதைகளுக்கும் அரங்குகளுக்கும் துணைநிற்பதே தேவை என்பது அவர் நிலைப்பாடு. இரண்டாம் முறையின் வலிமைக்கு, ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ நாடகம் 2019-இல் இலண்டனில் கறுப்பினக் குடும்பத்தின் கதையாக ஆடப்பட்டதைச் சான்றாகச் சொல்லலாம். வசனம் ஏறத்தாழ அப்படியே இருக்க, வெண்டல் பியர்ஸ் ஏற்ற வில்லி லோமனின் ஒவ்வோர் அவமானமும் இரட்டிப்புக் கனம் பெற்றது.

தமிழ் மேடையின் வரலாறு இதிலிருந்து வேறுபட்டது. ஏனெனில் ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் உச்ச சுருதியே முதல் தகுதியாக இருந்தது, உடற்பொருத்தம் அதற்குப் பின்னரே வந்தது. சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுக்களில், அர்ச்சுனனும் அல்லியும் ஒரே வயதுப் பையன்களே; பருவம் எய்திக் குரல் உடையும் ‘மகரக்கட்டு’ வந்துவிட்டால், நேற்றுவரை நாயகனாக இருந்தவன் இன்று துணைவேடத்துக்கு இறங்க நேர்ந்தது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாளின் குழுவிலோ பெண்களே ஆண் வேடங்களையும் ஏற்றனர். சுவாமிகளின் மாணவரான டி.கே. சண்முகம் கிழவி ஔவையாராக நடித்த நடிப்பு அவர் பெயருக்கு முன்னால் ‘ஔவை’ என்றே நிலைத்துவிட்டது.

இனம் கடந்த வேடமும் தூத்துக்குடிக் கரையோரத்துக்குப் புதியதன்று. பாஞ்சாலங்குறிச்சியும், 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ளன. அக்கதை மேடையேறும்போதெல்லாம் வெள்ளைக்காரத் துரையாக வருபவர் தமிழ் நடிகரே; 1959-இல் வெளிவந்த திரைப்படத்திலும் ஜாக்சனாக சி.ஆர். பார்த்திபனும் பானர்மேனாக ஜாவர் சீதாராமனும் நடித்தனர். ஆள்பவனின் வேடத்தை ஆளப்பட்டவன் அணிந்தபோது, கைகட்டி நிற்க வைத்த அதிகாரத்தை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது. வெள்ளையன் கரிபூசி ஒதெல்லோவானதையும் தமிழன் வெள்ளைபூசி ஜாக்சனானதையும் ஒரே தட்டில் வைக்க முடியாமைக்குக் காரணம் இதுவே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, தமிழ் வேடத் தேர்வின் மிகத் துணிச்சலான நிகழ்வு என்று கே.பி. சுந்தராம்பாளின் நந்தனாரைக் குறிப்பிட வேண்டும். கொடுமுடியில் எளிய குடும்பத்தில் பிறந்த சுந்தராம்பாள், இலங்கை மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து புகழ்பெற்று, 1933-இல் கிட்டப்பா மறைந்தபின் வேறு ஆண்களுக்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவரை அழைத்தவர்கள், அந்நாளில் எவரும் நம்ப மறுத்த ஒரு இலட்சம் ரூபாய் ஊதியத்துக்கு இசைந்து, ஆண் பாத்திரமான நந்தனையே அவருக்குக் கொடுத்தனர். தீண்டாமைக்கு ஆளான பண்ணையாளாக ஒரு பெண்ணும், அவரை அடக்கி ஆளும் வேதியராகக் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் எதிரெதிரே நின்றனர். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனை நாடகத்தில் புதிதாகப் படைத்த வேதியர் பாத்திரம், சபைகளின் மதிப்பைப் பெற்ற ஒரு பிராமண வித்துவானின் உடலில் வந்தமர்ந்தது. நந்தனின் ஏக்கமோ, நாடகக்காரி என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரலில் எழுந்தது. தயாரித்தவர்கள் கருதியது வசூலாகவே இருக்கலாம். ஆனால் விளைந்தது, மேலிருப்பவரும் கீழிருப்பவரும் தத்தம் இடத்தின் சுமையோடு சந்தித்த ஒரு காட்சி. அதே வேளையில், தலித் சமூகத்துக் கலைஞர் ஒருவர் நந்தனாக நிற்கும் வாய்ப்பு அன்றைய திரையில் திறக்கப்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் நிலை என்ன? ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான குழு இன்றி, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே பேசி ஓர் இரவுக்கு மட்டும் ஒன்றுசேர்க்கும் முறை. ஒத்திகை கிடையாது; முதல்நாள்வரை அறிமுகமில்லாத இருவர் வேலனும் வள்ளியுமாக நின்று, ஆர்மோனியத்தின் துணையோடு மணிக்கணக்கில் தர்க்கம் செய்வார்கள். தர்க்கத்தில் வள்ளி மடக்கிக் கேட்கும் கேள்விக்கு ராஜபார்ட் உடனே பாட்டால் விடை சொல்லியாக வேண்டும். இழுத்தால் கூட்டம் கலையத் தொடங்கும். இந்தக் கடுமையான சோதனையில் வெல்பவர்கள் நினைவாற்றலும் சுருதிச் சுத்தமும் சமயோசிதமும் உடைய ஸ்திரீபார்ட் கலைஞர்களே என்பதை விடியும்வரை அமர்ந்து பார்க்கும் எவரும் அறிவர். விடிந்தபின் அவர்களைச் சமூகம் மதிப்பதில்லை என்பது, அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் மதுரை வட்டாரக் கலைஞர்களிடையே ஆய்ந்து 2005-இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளது.

தேர்வின் பெருங்குறை நிறத்தில் வெளிப்படுகிறது. வள்ளி வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மலைமகள், வெயிலில் தினைப்புனம் காத்தவள். அவளிடம் தேவர் படைத் தலைவனான வேலன் வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வந்து மன்றாடுவதே கதையின் அழகு. அப்படிப்பட்டவளை வெள்ளையும் ரோஸும் குழைத்துப் பூசி மேடைக்கு அனுப்பும்போது, குலத்தைக் கடந்த காதலின் கதை இரண்டு சிவந்த முகங்களின் சல்லாபமாகச் சுருங்கிவிடுகிறது. சிவப்பான நடிகை வேண்டும் என்று கேட்டுப் பேசுவது கலையைத் தெரிந்தவர் செய்யும் தேர்வன்று. கருத்த கலைஞரின் பிழைப்பைக் கெடுத்து, சுவாமிகளின் நாடகத்தையும் கெடுக்கும் வழக்கம் அது.

இதற்கு மாறான முன்மாதிரி இதே தூத்துக்குடிக் கடற்கரையில் உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா விழாவில் வேடத்தைத் தேர்பவர் வேறெவரும் அல்லர், நேர்ந்துகொண்ட பக்தரே. கடலில் மீன்பிடிப்பவரும் உப்பளத்தில் உழைப்பவரும் விரதமிருந்து காளியாகவும் அரசராகவும் குறத்தியாகவும் வந்து நிற்கிறார்கள். அதற்கு எதிர்முனையில், சுடலைமாடன் கோயில்களில் நிகழும் கணியான் கூத்தில் பாடும் அண்ணாவியும் மகுடம் இசைப்போரும் பெண்வேடமிட்டு ஆடுவோரும் கணியான் சமூகத்து ஆண்களாகவே உள்ளனர். அது வழிபாட்டோடும் ஒரு சிறு சமூகத்தின் வாழ்வாதாரத்தோடும் பிணைந்த உரிமை. புதுமை என்ற பெயரால் வெளியார் அதைப் பறிப்பது நீதியாகாது. நாடக மேடைக்கு அத்தகைய காப்பு எதுவும் தேவையில்லை. காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பயின்ற சிறுமியர், ஆண்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட கனத்த கட்டை வேடங்களை அணிந்து இரவு முழுதும் ஆடிக் காட்டியுள்ளனர். உடல் வலுவைக் காரணம் காட்டிப் பெண்களை ஒதுக்கிய வாதம் அங்கேயே தோற்றுவிட்டது.

ஆகவே சுவாமிகளின் நாடகங்களை மீட்டெடுப்போர், நிறத்தையும் சாதியையும் காணாததுபோல் நடிக்கத் தேவையில்லை. கண்டு, அறிந்து, கதைக்கு நியாயம் செய்யும்படி தேர்ந்தால் போதும். வேலனாக ஒரு பெண் வரட்டும். அரிச்சந்திரனாக, மயானத்தில் தலைமுறைகளாக உழைத்த சமூகத்தின் கலைஞர் வரட்டும். அந்த மயான காண்டம் இதுவரை சொல்லாததைச் சொல்லும். அடுத்த திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ பேசச் செல்லும் ஊர்க் கமிட்டியினர், நடிகையின் நிழற்படத்தைக் கேட்பதற்கு முன் அவர் குரலைக் கேட்க வேண்டும். கருத்த வள்ளியைக் கருத்த வள்ளியாகவே மேடையேற்ற வேண்டும்.