நாட்டிய கணக்கும் நின்ற கணக்கும்

யூலை 26 உலகக் கண்டல் நாள். அதையொட்டி மட்டக்களப்பு வாவிக்கரையில் காணும் காட்சி பழகிப்போனது: வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், முழங்கால்வரை சேறு, கையில் முருங்கைக்காய் போல நீண்ட கண்டல் நாற்று, முன்னால் கமரா. மறுநாள் பத்திரிகையில் எத்தனை கன்று என்ற எண் வரும். அடுத்த வருடம் எத்தனை நின்றன என்ற செய்தியை நான் வாசித்ததில்லை.

சுனாமிக்குப் பின் இலங்கையெங்கும் பெருகிய கண்டல் நாட்டலில் 23 இடங்களை ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர் சுனந்த கொடிகாரவும் குழுவினரும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் முயன்றதில் 200 முதல் 220 ஹெக்டயரே தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத் தெரிவும், நாட்டியபின் கவனிக்காமல் விட்டதும் முக்கிய காரணங்கள்.

நம் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒரு சாண் உயரம்தான் கன்றின் தலையெழுத்து. தாழ்ந்த சேற்றில் மூழ்கி அழுகும். மேட்டில் உப்பேறிக் காயும். 56 கிலோமீற்றர் நீண்ட இந்த வாவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையில் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். மாரியில் வெள்ளம் ஏறும். யூலையில் காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் மார்கழியில் எங்கே நிற்கும்? வாவிக்கரைப் பாலமீன்மடுப் பிள்ளைக்கு அது தெரியும். வலை வீசும் தகப்பனோடு தோணியில் போன பிள்ளை அது. மாணவர் முயற்சியின் உண்மையான பலம் இந்த அறிவுதான். அதையோ யாரும் கேட்பதில்லை. குழி தோண்டும் கைகளாகவே அவர்களைக் கூப்பிடுகிறோம்.

கண்டற்காட்டு மரங்களில் நாட்டுவது எப்போதும் நீண்ட நாற்றுடைய கண்டல் மரம் ஒன்றையே என்பதும் குறைதான். அதன் நாற்றைச் சேற்றில் குத்திவிட்டால் போதும், படத்துக்கும் எடுப்பாக இருக்கும். சிறு விதைகொண்ட கண்ணா, தில்லை மரங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நீரை முதலில் கவனித்த இடமும் உண்டு. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் மொட்டையாக வெட்டிய கண்டற்காட்டில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறியது. அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பின. கன்று அதற்குப் பிறகுதான்.

இப்படிச் சொல்வதால் பிள்ளைகளை வாவியிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. தரம் 10இல் நாட்டும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையோடு போய்விடும். தரம் 8இல் தொடங்கினால் குறைந்தது மூன்று வருடம் கிடைக்கும். முதல் வருடம் கன்றே வேண்டாம். அளவு குறித்த ஒரு கம்பை ஊன்றி, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை எழுதட்டும். தானாக முளைத்த நாற்றுகளை எண்ணட்டும். மாடு மேயும் இடம் எது, வலை இழுக்கும் இடம் எது என்று ஊராரிடம் கேட்கட்டும்.

சுற்றாடல் முன்னோடிக் குழுக்களை நடத்தும் ஆசிரியர்களே, வருகிற யூலையில் புதுக் கன்று கேட்டு யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள். போன வருடம் நாட்டிய அதே சேற்றுக்குப் பிள்ளைகளை ஒரு கொப்பியோடு கூட்டிப் போங்கள்.