வழித்துணையாக வந்தவன்

நல்லவன் ஒருவனை வைத்து நாவல் எழுதுவது சிரமம் என்பதை நாவல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவனுக்கு ஒரு சோதனை வந்தால்தான் கதை நகரும். அந்தச் சோதனை எந்த உருவத்தில் வருகிறது என்பதில் ஆசிரியனின் தரம் தெரிந்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் பணத்தையோ பெண்ணையோ கள்ளையோ கொண்டுவந்து எதிரே நிறுத்துகிறோம். கதாநாயகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று எழுதி முடித்துவிடுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் என்று எனக்குக் காட்டியவர் ஜார்ஜ் பெர்னானோஸ் என்கிற பிரஞ்சு நாவலாசிரியர்.

பெர்னானோஸ் 1888ல் பிறந்து 1948ல் காலமானவர். தீவிரமான கத்தோலிக்கர். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்துகொண்டே தம் முதல் நாவலை எழுதினார். 'சாத்தானின் சூரியனுக்குக் கீழே' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1926ல் வெளிவந்த அந்த நாவல் ஒரே நாளில் அவரைப் பிரபலமாக்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதில் வருகிற தொனிஸான் ஓர் உதவிப் பாதிரியார். படிப்பில் மந்தம், பேச்சில் தடுமாற்றம், நடையில் குடியானவனின் கனம். ஆர்ஸ் என்கிற சிற்றூரின் பங்குக் குருவாக இருந்து 1859ல் இறந்த ஜான் மரிய வியான்னியின் சாயல் இவரிடம் உண்டு. நாளில் 16 மணி நேரம் வரையில்கூடப் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் வியான்னி. ஆனால் தமக்குத் தகுதி போதாது என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பங்கை விட்டு ஓடிவிடப் பல தடவை முயன்றவரும் அவரே. அவருக்கு வந்த பெரிய சோதனை தங்கமும் அல்ல, பெண்ணும் அல்ல. அடக்கத்தின் பெயரால் கடமையை விட்டு ஓடுவதுதான். பெர்னானோஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

தொனிஸான் ஓர் இரவு பக்கத்து ஊருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க நடந்து போகிறார். வழி தப்பிவிடுகிறது. எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். கால் ஓய்ந்து நிற்கும்போது குதிரைத் தரகன் ஒருவன் எதிர்ப்படுகிறான். கலகலப்பானவன்; அந்தப் பிரதேசத்து மனிதனாகவே பேசுகிறான். வழி காட்டுகிறான். மயங்கி விழுகிறவரைத் தாங்கிக்கொள்கிறான், குளிருக்கு அணைத்துக்கொள்கிறான். அலுத்துப்போன மனிதனுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவன்தான் சாத்தான்.

வால் இல்லை, கொம்பு இல்லை, கந்தக நாற்றமும் இல்லை. தனிமையில் கிடைக்கிற ஆறுதலாக வருகிறது தீமை. உலக இலக்கியத்தில் சாத்தான் வருகிற காட்சிகளில் மிகச் சிறந்த சிலவற்றில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தரகன் தான் யார் என்பதை வெளிப்படுத்திய பிறகு அதிகம் பேசுகிறான். அவன் பேசப் பேசப் பயம் குறைந்துவிடுகிறது. பெர்னானோஸுக்குத் தம் வாசகனிடத்தில் போதிய நம்பிக்கை இன்னும் வரவில்லை என்று தோன்றுகிறது.

அந்தக் காட்சியைவிட ஆழமானது அதற்கு முன்னால் வருகிற ஒரு சிறு பகுதி. தொனிஸானின் மனத்தில் திடீரென்று காரணமில்லாத சந்தோஷம் நிறைகிறது. இது தமக்கு உரியதல்ல, இது கண்ணி என்று நினைத்து அவர் சங்கிலியால் தம் உடம்பை அடித்துக்கொள்கிறார். தீமையை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, தமக்கு அளிக்கப்பட்ட நன்மையையே உதறிவிடுகிறார். எதிரியின் வேலையைத் தாமே செய்து முடிக்கிறார். இப்படி ஒரு சோதனையை நம்முடைய கதைகளில் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் பெர்னானோஸின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கத்தோலிக்க ஞான வாழ்வில் பழைய அனுபவம். சிப்பாயாக இருந்து காயம்பட்டுப் படுத்த இஞ்ஞாசியார், 1522ல் ஸ்பெயினில் மன்ரேசா என்கிற ஊரில் தங்கித் தவம் செய்தார். அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடியும் மறுபடியும் அறிக்கையிட்டு, மன்னிப்புக் கிடைத்ததா என்கிற சஞ்சலத்தில் தற்கொலை வரையில் நினைத்துவிட்டார். அந்தச் சஞ்சலமும் பக்தியின் வேஷத்தில் வந்ததுதான். அதிலிருந்து மீண்டவர், அங்கே கற்றதையெல்லாம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்கிற சிறு நூலில் விதிகளாக எழுதிவைத்தார். 1548ல் போப்பாண்டவர் அதை அங்கீகரித்தார்.

அந்த விதிகளில் வீராவேசம் எதுவும் கிடையாது. மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது முன்பு செய்த தீர்மானத்தை மாற்றாதே என்பது ஒன்று. சோதனையை உள்ளேயே பூட்டிவைக்காமல், அறிந்த ஒருவரிடம் சொல்லிவிடு என்பது மற்றொன்று. கள்ளக் காதலனைப் போல அது ரகசியத்தில்தான் வளர்கிறது என்கிறார். கோட்டையில் எந்தச் சுவர் பலவீனமோ அங்கேதான் எதிரி வருவான் என்பது இன்னொன்று. சண்டை பார்த்த மனிதர் எழுதியது என்று படித்த உடனே தெரிகிறது.

பத்து வருஷம் கழித்து, 1936ல், பெர்னானோஸ் 'ஒரு கிராமத்துப் பாதிரியாரின் நாட்குறிப்பு' என்கிற நாவலை எழுதினார். அதில் குதிரைத் தரகன் யாரும் வருவதில்லை. இளம் பாதிரியார் ஒருவர், வயிற்று நோய், ரொட்டியும் ஒயினும்தான் ஆகாரம். ஊரார் அவரைக் குடிகாரர் என்கிறார்கள். பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் பிரார்த்தனை வரமாட்டேன் என்கிறது. இதுதான் சோதனை. கைக்குழந்தையைப் பறிகொடுத்துக் கடவுளிடம் பல வருஷமாகப் பகை பாராட்டும் ஒரு சீமாட்டியிடம் அவர் வாதாடுகிறார். அவள் மனம் இளகி, குழந்தையின் முடியை வைத்திருந்த பதக்கத்தையே நெருப்பில் எறிந்துவிடுகிறாள். அவர் கையை நெருப்புக்குள் விட்டு அதை எடுக்கப் பார்க்கிறார். தொனிஸானிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது: கடவுள் கேட்காத தியாகத்தை இவர் கடவுளின் பெயரால் கேட்பதில்லை. அன்று இரவே அவள் சாந்தியுடன் இறந்துபோகிறாள். பாதிரியார் அவளைத் துன்புறுத்தியதாக ஊரில் பேச்சுக் கிளம்புகிறது. அவரை விடுவிக்கக்கூடிய அவள் கடிதம் அவர் கையிலேயே இருக்கிறது. அவர் அதைக் காட்டுவதில்லை.

அந்த நாட்குறிப்பில் ஓரிடத்தில் சில பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. மிக மோசமான இரவுகளில் எழுதிய பக்கங்கள். அவற்றைக் கிழித்தவர், நாட்குறிப்பை மட்டும் அழிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறார். படித்துக்கொண்டு வந்தவன் இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவு, எழுதிவைத்திருந்த முந்நூறு பக்க நாவலை நான் முழுவதுமாகக் கிழித்துப் போட்டேன். உலகத்தின் பெரிய நாவல்களுக்கு முன்னால் இது என்ன என்று தோன்றியது. அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாவல் நன்றாக இருந்ததா இல்லையா என்பது இப்போது கேள்வியல்ல. இருட்டில் தீர்ப்புச் சொன்னேன் என்பதுதான் தப்பு. என்னுடன் அந்த இரவு வழித்துணையாக வந்தவன் யார் என்பது பெர்னானோஸைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கத்தோலிக்கன் அல்ல. சாத்தானை ஒரு நபராக நம்புவதும் எனக்குச் சாத்தியமில்லை. இதெல்லாம் நரம்புத் தளர்ச்சி, வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம் என்று சொல்கிற வாசகர்களும் இருப்பார்கள். பெர்னானோஸே தம் பாதிரியாருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று வைத்துத்தான் அவரைச் சாக விடுகிறார், நோயை மறைக்கவில்லை. ஆனால் நோய் என்று பெயர் வைத்துவிடுவதால், அந்த நேரத்தில் மனிதன் என்ன செய்ய வேண்டும் என்கிற கேள்வி தீர்ந்துவிடாது. அதற்கு இந்த நாவல் அளிக்கிற பதில் மிகவும் எளிமையானது. மறுநாள் காலையில் எழுந்து பூசை வைக்கப் போகிறார் அவர். நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். வெற்றி என்று சொல்லும்படி எதுவும் நடப்பதில்லை. விட்டுவிட்டுப் போகாமலிருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு நாவல்களில் இரண்டாவதுதான் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். சாத்தானுக்கு உருவம் கொடுத்த இடத்தைவிட, உருவமே கொடுக்காமல் விட்ட இடத்தில்தான் பெர்னானோஸ் அவனை நன்றாகக் காட்டியிருக்கிறார். புதிதாகப் படிக்கிறவர்கள் நாட்குறிப்பை முதலில் படித்துவிட்டு, பிறகு தொனிஸானிடம் போகலாம். அப்போது அந்த இரவில் குதிரைத் தரகன் எதிர்ப்படும்போதே, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவன் யார் என்பது தெரிந்துவிடும்.