கள்ளும் மதுவும் ஒன்றா? – கொச்சியிலிருந்து ஒரு நோக்கு

குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கிற சங்க மலரில் கள்ளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. என் வீட்டுக்குக் கள் வருவதெல்லாம் அப்ப மாவுக்காகத்தான். கள், சாராயம், பிராந்தி என்ற மூன்றையும் 'மது' என்ற ஒரே சாக்கில் கட்டிப்போட்ட நம் பழக்கத்தால் என்ன நேர்ந்தது என்பதை, முப்பது ஆண்டுகளாக மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் தமிழன் என்ற முறையில் சொல்லிப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், தோப்பி, பிழி எனப் பல பெயர்கள் உண்டு. அரிசியில் செய்தது தோப்பி. வடித்துத் தெளிந்தது தேறல்; மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலும் பேசப்படுகிறது. புறநானூறு 56-ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடும் யவனர் தேறல், கப்பலில் வந்த அயல் சரக்கு. நம் எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருப்பது ஈண்டு எண்ணத்தக்கது. உள்ளூர்க் கள் எது, இறக்குமதிச் சரக்கு எது என்ற வேறுபாடு அன்றைய புலவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சேரர் புகழ் பாடும் பதிற்றுப்பத்தில் 'நறவு' என்றொரு ஊரே வருகிறது. குடிக்கிற நறவோடு அதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது என்று புலவர் அடைமொழி கொடுத்தே பிரித்துக் காட்டுகிறார்.

இன்றைய எளிய உரைகளைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'மது' என்று ஒரே பொருள்தான். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறம் 235) கள்ளைப் பகிர்ந்த விதம்தான் அவன் பண்புக்கு முதற்சான்று. கொஞ்சம் கிடைத்தால் பாடும் எங்களுக்கே தருவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறார். அங்கே 'மது' என்று உரை எழுதினால், இன்றைய பிள்ளைகளின் மனக்கண்ணில் அரசுக் கடைக் குப்பிதான் நிற்கும். பாட்டே கெட்டுப் போகிறது.

வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தாரே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அறிவையும் மானத்தையும் இழக்கும் வெறியை அவர் கடிகிறார்; அங்கே 'கள்' என்ற சொல் போதை தரும் குடி அனைத்துக்கும் நிற்கிறது. இன்றைய நிலை இதற்கு நேர்தலைகீழ். 'மது' என்ற சொல் அனைத்துக்கும் நிற்கிறது. தண்டனை மட்டும் கள்ளுக்கு வந்து சேருகிறது.

மட்டாஞ்சேரி 'ஷாப்பு'

கேரளத்தில் 'ஷாப்பு' என்றாலே கள்ளுக்கடைதான். மளிகைக்கடை 'கடை'யாகவே இருக்க, ஆங்கிலச் சொல் முழுவதையும் கள்ளுக்கடை தனக்கென்று எடுத்துக்கொண்டது. துறைமுகச் சுமையாளும் படகுக்காரனும் மீனவனும் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்று, ஊர்ச்செய்தி பேசி எழுந்த இடம் அது. நான் வந்த நாளில் நடக்கிற தூரத்தில் இருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடின. காரணம் என்ன? குடி குறைந்ததா? இல்லை, பீர் பாட்டிலும் பிராந்தியும் விற்கும் இடங்களில் வரிசை நீண்டுகொண்டேதான் இருக்கிறது.

முதற்காரணம் இட நெருக்கடி. கள்ளுக்கடை வழிபாட்டிடம், பள்ளி முதலியவற்றிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கேரள விதி. 2017-ல் நான்கு நட்சத்திரத்துக்கும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல் பார்களுக்கான தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தார்கள். மட்டாஞ்சேரி அரண்மனை, அதன் வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயில், 1568-ல் கட்டிய யூதப் பள்ளி, கூனன் குருசுப் பள்ளி, சமணக் கோயில், செம்பிட்டப் பள்ளிவாசல் என்று அடுத்தடுத்து நிற்கும் ஊரில் 400 மீட்டர் வெற்றிடத்துக்கு எங்கே போவது? பழைய கட்டடம் இடிந்து கடை இடம் மாற நேர்ந்தால் கதை முடிந்தது. கண்ணாடிக் கதவு வைத்த பார் கோயிலுக்கு 50 மீட்டரில் இருக்கலாம்; ஓலைக்கூரைக் கடை இருக்கக் கூடாது. பணக்காரனின் கோப்பை சாமிக்குத் தெரியாதோ என்னவோ!

இரண்டாவது காரணம், சரக்கே. பாளையைக் கட்டி, தட்டி, நாள்தோறும் முனை சீவிச் சீவி விட்டால்தான் சாறு சொட்டும். சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, மறுநாள் புளிப்பு, அதற்குப் பின் காடி. யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் காத்திருக்கவும் முடியாது. கொச்சியில் தென்னந்தோப்பெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. இங்கே விற்கும் கள்ளில் பெரும்பகுதி பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலிருந்து, சுமார் 140 கிலோமீட்டர் வண்டியில் வருகிறது. கடைக்காரர் ஒருவரிடம் அப்பத்துக்கு நல்ல கள் கேட்டேன். "சாரே, உள்ளதைச் சொல்லட்டா? இங்க மரத்துல இறக்கினது ரெண்டு குடம்தான். அது காலைல எட்டு மணிக்கே தீர்ந்துடும். பாக்கி வண்டிக் கள்ளு. உங்க அப்பம் பொங்காது" என்றார். அந்த நேர்மைக்காகவே அவர் கடைக்கு இன்றும் போகிறேன்.

கள்ளப்பம் என்று பெயர் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் பாக்கெட் ஈஸ்ட் போடுகிறார்கள். பேர் இருக்கிறது, கள் இல்லை. கடைகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. கும்பளங்கி, கடமக்குடி, உதயம்பேரூர்ப் பக்கம் ஷாப்புச் சாப்பாட்டுக்காகக் காரில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். கரிமீனும் வாத்துக்கறியும் பிரமாதம். கள் ஓரத்தில் ஒரு குடுவையாக ஒதுங்கிவிட்டது. அசல் கள் வேண்டும் என்று கேட்கிற ஆள் இருக்கிறான், கொடுக்கத்தான் வழியில்லை. அந்த இடைவெளியில்தான் கலப்படம் நுழைகிறது. தண்ணீர், சாக்கரின், தூக்க மாத்திரை மருந்து வரை கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். 2010 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெத்தனால். பழி கள்ளின் மேல் விழுந்தது.

எல்லைக்கு அப்புறமும் இப்புறமும்

சித்தூர் பழைய கொச்சி அரசின் பகுதி. தமிழ் புழங்கும் ஊர். அங்கே மரமேறுபவர்களில் தமிழர் பலர். மலையாளத்தில் இத்தொழில் 'செத்து'. சீவுதல் என்று பொருள். நம் 'செதுக்கு' என்ற சொல்லை அருகே வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். கேரளத் தொழிலாளிக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நலநிதி உண்டு. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் வந்து அதே ஆள் தன் சொந்த மரத்தில் கலயம் கட்டினால் குற்றவாளி. கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 சனவரி முதல் தடை. அதே அரசு 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் கடைகளில் பிராந்தியைத் தானே நேரில் விற்கிறது. செ. நல்லசாமி தலைமையிலான கள் இயக்கத்தார் ஆண்டுக்கணக்காகக் கேட்கிற கேள்வி இதுதான்: உழவன் இறக்கினால் குற்றம், ஆலையில் காய்ச்சினால் வருவாயா? இதற்கு எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தும் நேரான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

இதில் சாவது ஒரு பானம் மட்டுமல்ல. திளாப்பு, இடுக்கி, அருவாப்பெட்டி, பாளை அருவாள் என்ற சொற்களும், எந்தப் பாளை எப்போது பக்குவம் என்ற கைப்பழக்கமும் சேர்ந்தே போகின்றன. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. ஏறத் தெரிந்த ஆள் குறையும் ஊரில் அந்த மரம் செங்கல் சூளைக்குத்தான் போகும்.

மறுப்பவர்களுக்கு

ஈரோட்டில் 1921-ல் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். தன் தோப்புத் தென்னைகளையே பெரியார் வெட்டிச் சாய்த்தார். ஈழவ மக்களிடம் ஸ்ரீநாராயண குரு கள்ளை விடச் சொன்னார். இவர்கள் கோபம் பொய்யல்ல. கூலிக்காரன் கையில் இருந்த காசைப் பறித்தது அன்றைக்குக் கள்ளுக்கடை. ஆனால் இன்றைக்குப் பறிப்பது எது என்று பார்க்க வேண்டாமா? 1982 ஓணத்தில் நமக்கு எதிரே உள்ள வைப்பினில் 70-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது விஷச் சாராயம். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அதுதான். கேரளம் 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடுத்துக் கள்ளை விட்டுவைத்தது. அந்த அளவுக்காவது பிரித்துப் பார்த்தது. கள்ளிலும் போதை உண்டு, அளவு மீறினால் குடும்பம் கெடும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லாம் ஒன்றே என்ற சோம்பேறித்தனத்தைத்தான் மறுக்கிறேன்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே ஆப்பிள் சாறு புளித்த பானத்துக்குச் 'சைடர்' என்று பெயர். வரிச் சட்டப்படி 35 சதவீதம் சாறு இருந்தாலே அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். நல்லதைக் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1971-ல் தொடங்கிய 'கேம்ரா' என்ற குடிப்போர் அமைப்பு, அசல் பீருக்கும் பின்னர் அசல் சைடருக்கும் இலக்கணம் வகுத்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று பட்டியல் போட்டது. அங்கும் ஊர் நடுக் கடைகள் மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எது அசல் என்று கேட்கிற நாக்கு பிழைத்திருக்கிறது.

நமக்கு அந்த இலக்கணம் இல்லை. கேரள விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீதம், பனங்கள்ளுக்கு 5.2 சதவீதம் என்று போதைக்கு உச்சவரம்பு வைத்தன. மேலே போகாதே என்று சொல்லும் விதி, உள்ளே மரத்துச் சாறு எவ்வளவு, எந்த ஊர் மரம், எத்தனை மணிக்கு இறக்கியது என்று குடிப்பவனுக்குச் சொல்வதில்லை. கொச்சி அரசு கொல்லம் ஆண்டு 1077-ல் (1902) போட்ட அப்காரிச் சட்டம்தான் 1967 முதல் கேரளம் முழுமைக்கும் சட்டம். வரி வாங்க எழுதிய சட்டத்தில் சுவைக்கு இடம் இராது. 2021-ல் கள் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கென்று கேரளம் சட்டம் செய்திருக்கிறது. முதல் வேலையாக ஒவ்வொரு கடை வாசலிலும் மரத்தின் ஊரையும் இறக்கிய நேரத்தையும் எழுதிப் போடச் சொல்லட்டும். 400 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் உள்ள ஓரவஞ்சனையை நீக்கட்டும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை பிள்ளைகளுக்குப் புறநானூறு சொல்லிக் கொடுக்கும்போது கள்ளைக் கள் என்றும், தேறலைத் தேறல் என்றும் சொல்லிக் கொடுப்போம். சொல்லைப் பிரித்தறியக் கற்ற பிள்ளை, பின்னொரு நாள் சட்டத்தையும் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும்.