குலமுறை கிளத்தல்: ஜக்கி கேயின் இரு நூல்கள்

1961 இல் எடின்பரோவிற் பிறந்த கவிஞர் ஜக்கி கேயைப் பெற்றவள் ஸ்கொட்லாந்து மலைநாட்டவள், தந்தை நைஜீரியர். தத்தெடுத்து வளர்த்தோர் கிளாஸ்கோ நகரத்துப் பொதுவுடைமைத் தம்பதியர். இவ்வனுபவம் 1991 இல் கவிதையாகவும் 2010 இல் தன்வரலாறாகவும் உருப்பெற்றது. இரண்டையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

‘தி அடொப்ஷன் பேப்பர்ஸ்’ என்னும் கவிதைத்தொடரில் பெற்றவள், வளர்த்தவள், மகள் என மூவர் பேசுகின்றனர். மூவர்க்கும் வெவ்வேறு அச்செழுத்துகள். பிள்ளையைக் கொடுத்துவிட்ட தாயின் நெஞ்சமும் ஆங்கு இடம்பெறுகின்றது. ‘றெட் டஸ்ட் றோட்’ நூலிலோ மகளின் குரல் ஒன்றே. அபுஜா நகர் விடுதியொன்றில் அவரை முதன்முதற் சந்திக்கும் தந்தை இரண்டு மணி நேரம் செபிக்கிறார். மகளைத் தமது பழைய பாவத்தின் சான்றாகவே காண்கிறார். அம்மனிதரின் அச்சத்தை உள்நின்று உணர்த்தும் குரல் இல்லாமை நூலின் குறையே எனலாம்.

எனினும், தந்தையின் மூதூர்ச் செம்மண்ணில் மகள் வெறுங்காலுடன் நடக்கும் பகுதி அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. மண் அவரை வினவவில்லை; மறுக்கவுமில்லை.

இவ்விடத்துக் கர்ணன் நினைவுக்கு வருதல் இயல்பே. பிறப்பறிந்தபின் அவனுக்கு அரசு காத்திருந்தது. அவனே அதனை மறுத்தான். கேயை மறுத்தவரோ தந்தை. ஆயின் அத்தந்தையின் மற்றொரு மகன் அவரைச் சகோதரியென மகிழ்ந்து ஏற்றார். குருதி ஒன்றே, ஒருவர் மறைத்தார், மற்றவர் தழுவினார். குருதி உறவுக்கு வாய்ப்பாகுமேயன்றி, தானே உறவாகாது. குலப்பெருமை பேசும் எச்சமூகமும் எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை இது.