யாலோமின் அம்மா

மனத்துயரின் அடியில் இருப்பவை மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்கிறார் இர்வின் யாலோம், 1980இல் வந்த ‘எக்ஸிஸ்டென்ஷியல் சைக்கோதெரபி’யில். அவர் சொல்லும் தனிமை பேச ஆளில்லாத தனிமை அல்ல. எவ்வளவு நெருங்கினாலும் இருவருக்கிடையே மிஞ்சும் இடைவெளி. ஃபிரிஸ்கோவில் பகல் முழுக்க எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என் மாமியாருக்கு இரண்டும் உண்டு. அவரிடம் தமிழில் விளக்கினேன். “மத்த மூணும் என்ன?” என்றார்.

யாலோமின் பெற்றோர் வாஷிங்டனில் மளிகைக்கடை நடத்திய குடியேறிகள். ‘மம்மா அண்ட் த மீனிங் ஆஃப் லைஃப்’ (1999) தலைப்புக் கதையில், சாகக் கிடப்பதாகக் கனவு காண்பவர் மனைவியையோ நண்பரையோ அல்ல, தான் வெட்கப்பட்ட அம்மாவைக் கூப்பிட்டு, ‘நான் தேறினேனா?’ என்று கேட்கிறார். அவளோ மகனின் புத்தகங்களில் தனக்கும் உரிமை கேட்கிறாள். கோட்பாடு தடுமாறும் இந்த இடமே எனக்கு அவருடைய சிறந்த எழுத்து.

யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ‘ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்’ (2014) நூலில் போர் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்கிறார். மருத்துவத்தோடு அவரவர் சமயத்து ஜபத்தையும் சடங்கையும் சேர்க்கிறார். ஒருங்கிணைந்த சிகிச்சை என்பதற்கு நான் படித்ததில் நம்பகமான உதாரணம் இது. ஆனால் அதற்கு ஓர் ஊர் வேண்டும். யாலோமுக்கு இரண்டு நாற்காலி போதும். இரண்டாவதில் தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்தால் என் மாமியாருக்கும் போதலாம்.