ஏற்கெனவே நிரம்பிய மூன்று நோட்டுகள்

‘பிக்கமிங் ஜேன்’ படத்தைக் குறை சொன்னால், “இந்தப் படம் பார்த்துத்தானே ஜேன் ஆஸ்டினைப் படிக்க ஆரம்பித்தேன்” என்று யாராவது பதில் சொல்வார்கள். ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டு நிறைந்ததையொட்டி அதை மறுபடி பார்த்தேன். என் மறுப்பு தணியவில்லை.

2007இல் ஜூலியன் ஜாரல்ட் இயக்கிய, ஆஸ்டினின் இளமைக் காதலைச் சொல்லும் இந்தப் படத்தில் ஆன் ஹாத்வே, ஜேம்ஸ் மெக்காவோய் இருவரும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். சொத்தில்லாத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் கல்யாணம் என்ன பாடாக இருந்தது என்பதைப் படம் பூசி மெழுகவில்லை. கதைக்கு ஆதாரமும் உண்டு. 1795 கிறிஸ்துமஸையொட்டி, படத்தில் காதலனாக வரும் டாம் லெஃப்ராய், ஜேன் வாழ்ந்த ஹாம்ப்ஷயருக்கு வந்தார்; ஜேன் அவரோடு நடனமாடியதை அக்கா கஸாண்ட்ராவுக்கு எழுதினார். பின்னாளில் அயர்லாந்தின் தலைமை நீதிபதியான லெஃப்ராய், முதுமையில் அதை வாலிப வயதுக் காதல் என்று ஒப்புக்கொண்டார்.

சில வார அறிமுகத்தைப் படம், இருவரும் ஊரைவிட்டு ஓடிப்போகிற அளவுக்கு வளர்த்துவிடுகிறது. அப்படி ஓடியதற்குச் சான்று கிடையாது. கற்பனை சேர்ப்பது சினிமாவின் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. அந்தக் கற்பனை எதை நிறுவப் பார்க்கிறது என்பதில்தான் வழக்கு. உலகம் தெரியாத ஒரு கிராமத்துப் பெண், லண்டனிலிருந்து ஓர் ஆண் வந்து காதலையும் இழப்பையும் கற்றுக்கொடுத்த பிறகே எழுத்தாளர் ஆனார் என்கிறது படம். தனக்குக் கிடைக்காத கல்யாணத்தைக் கதாநாயகிகளுக்குக் கொடுத்து அவர் ஆறுதல் தேடினாராம். உலகம் கொண்டாடும் நகைச்சுவை அறிவை ஆறாத புண்ணுக்குப் போட்ட கட்டாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்டின் எழுதத் தொடங்கியது பதினோரு, பன்னிரண்டு வயதில். தந்தையின் புத்தக அலமாரி அவருக்குத் திறந்தே இருந்தது. சிறுவயதுக் கதைகளை எழுதிய மூன்று நோட்டுகளில் ஒன்று தந்தை கொடுத்த பரிசு. 1790இல், பதினான்கு வயதில் எழுதிய ‘லவ் அண்ட் ஃப்ரெண்ட்ஷிப்’ கதையில், நினைத்தபோதெல்லாம் மயங்கி விழுகிற, காதலுக்காக வீட்டைவிட்டு ஓடுகிற நாயகிகளைக் கேலியால் துவைத்து எடுத்திருக்கிறார். எந்தக் காட்சியைச் சிறுமியாக இருந்தபோதே பார்த்துச் சிரித்தாரோ, அந்தக் காட்சிக்குள்ளேயே அவரைக் கண்ணீரோடு வண்டியேற்றி அனுப்புகிறது படம். இதைவிட ஆஸ்டினைத் தவறாகப் படிக்க முடியாது.

உழைப்பும் காணாமல் போகிறது. ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’ என்ற பெயரில் 1797இல் அவர் முடித்த நாவலைப் பதிப்பாளரிடம் கொடுக்கத் தந்தை கடிதம் எழுதினார், பார்க்காமலே மறுத்துவிட்டார்கள். அது திருத்தப்பட்டு ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ ஆக வெளிவந்தது 1813இல். இடையில் கழிந்த பதினாறு ஆண்டுகளே ஓர் எழுத்தாளரின் உண்மையான கதை. ஆனால் மேசை முன் உட்கார்ந்து அடித்துத் திருத்தும் பெண்ணைவிட, காதலனைப் பிரிந்து அழும் பெண்ணையே கேமராவுக்குப் பிடித்திருக்கிறது.

படம் பார்த்து நாவலுக்கு வருகிறவர்கள் வரட்டும். வந்ததும் அந்தச் சிறுவயதுக் கதைகளைப் படியுங்கள். லெஃப்ராய் வந்து சேர்ந்த அந்தக் குளிர்காலத்தில் ஜேன் ஆஸ்டினுக்கு வயது இருபது. அதற்கு முன்பே மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன.